எண்ணியவர்களும் எண்ணப்பட்டவர்களும்: சமன்தாக் என்றொரு கடற்கரை வட்டம்

1

ஒரு மாவட்டத்தையோ வட்டத்தையோ பற்றி எழுத வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் நமக்கொரு வரிசையைக் கற்றுத்தந்துவிட்டுப் போயிருக்கிறான். முதலில் எல்லைகள், மலை, ஆறு, மழையளவு. அப்புறம் வரலாறு. அப்புறம் விளைச்சல், வரி, வணிகம். தாள் மிச்சமிருந்தால் கடைசியில் சாதிகள், சமயங்கள், திருவிழாக்கள். கெஸட்டியர் வரிசை இது. எம்.ஏ. தமிழ் வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல், கரு, உரி இதிலிருந்து ரொம்ப தூரம் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டுக்கும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கைதான். நிலம் முன்னாலேயே கிடக்கிறது. மக்கள் அதன்மேல் வந்து உட்காருகிறார்கள். உட்கார்ந்தவர்கள் இன்னின்னார் என்று பெயரிட்டு, இத்தனை பேர் என்று எண்ணிவிட முடியும்.

இந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்று காட்ட எனக்குத் தெரிந்தவரை சமன்தாக்கைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. துருக்கியின் தென்கோடி மாகாணமான ஹத்தாயில், மத்தியதரைக் கடலோரத்தில், சிரிய எல்லையை ஒட்டியுள்ள ஒரு வட்டம் அது. 2023 பூகம்பத்துக்கு முன் அங்கே ஏறத்தாழ 1,20,000 பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் அரபு பேசும் அலவிகள். கொஞ்சம் அரபு பேசும் வைதிகக் கிறிஸ்தவர்கள், சுன்னி முஸ்லிம்கள், ஒரேயொரு ஊரில் ஆர்மேனியர்கள். நான் அங்கே போனதில்லை. வரைபடத்தையும் சில புத்தகங்களையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சொல்லப்போனால் அந்த ஊரைப் பற்றிக் கடந்த 100 ஆண்டுகளில் முக்கியமான முடிவுகளை எடுத்தவர்களில் பலரும் அப்படித்தான், வரைபடத்தை வைத்துக்கொண்டு எடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த அதிகாரம் எனக்கில்லை என்பதுதான் வித்தியாசம்.

2

வரைபடத்தில் முதலில் கண்ணில் படுவது ஆறு. லெபனானில் பிறந்து, சிரியா வழியாக வடக்கு நோக்கி ஓடி, அந்தாக்கியா பக்கம் வந்து திரும்பி, சமன்தாக்கில் கடலில் விழுகிறது ஒரொன்டிஸ். அரபியிலும் துருக்கியிலும் அதற்கு 'ஆஸி' என்று பெயர்: அடங்காதது, கலகக்காரன். சுற்றுவட்டார ஆறுகள் ஒரு திசையில் போக இது மட்டும் எதிர்த்திசையில் போவதால் வந்த பெயர் என்கிறார்கள். தெற்கே கடலோரத்திலிருந்து நேராக எழும்பி 1,700 மீட்டருக்கு மேல் நிற்கிறது ஒரு மலை. அரபியில் ஜெபல் அக்ரா, துருக்கியில் கெல் தாக். இரண்டுக்கும் 'மொட்டை மலை' என்றுதான் பொருள். உகாரித் நகரத்து மக்களுக்கு அது பாஅல் தெய்வத்தின் இருக்கை. கிரேக்கர்கள் அதை ஸியூஸுக்குக் கொடுத்தார்கள். இன்றைக்கு அதன் உச்சி ராணுவத்துக்குச் சொந்தம். வடக்கே மூஸா மலை. இரண்டு மலைக்கும் நடுவே ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம், அதன் விளிம்பில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு மணற்கரை. பச்சைக் கடலாமைகள் முட்டையிட வரும் கரை அது.

இந்த ஆற்றுவாயில் அல்-மினா என்ற இடத்தை 1936இல் லியோனார்ட் வூலி தோண்டினார். மெசபடோமியாவில் ஊர் நகரத்தைத் தோண்டிப் புகழ்பெற்ற அதே வூலிதான். கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பானை ஓடுகள் குவியலாகக் கிடைத்தன. உடனே இது கிழக்கில் கிரேக்கரின் முதல் குடியேற்றம் என்று சொல்லப்பட்டது. அப்புறம் வந்தவர்கள் கேட்டார்கள்: வீடுகள் கட்டிய முறை உள்ளூர் முறையாக இருக்கிறதே, பானை கிரேக்கப் பானை என்பதாலேயே அதில் குடித்தவன் கிரேக்கன் ஆகிவிடுவானா? அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியின் உருவம்தான் முக்கியம். கடலும் ஆறும் சேரும் ஒரு துறையில், பல மொழி பேசியவர்கள் வந்துபோன இடத்தில், 'இது யாருடைய ஊர்?' என்று ஒருமையில் கேட்கப்படுகிறது. பதிலும் ஒருமையில்தான் வேண்டும். வூலி தோண்டிக்கொண்டிருந்த அதே 1936இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கம் இதே கேள்வியை உயிரோடிருந்தவர்களைப் பார்த்துக் கேட்கத் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு வருகிறேன்.

3

தமிழுக்கு இந்த ஊர் புதிதல்ல. விவிலியத்தின் அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலும் பர்னபாவும் செலூக்கியாவுக்கு வந்து கப்பலேறி சீப்புருத் தீவுக்குப் போகிறார்கள். அந்தச் செலூக்கியா சமன்தாக் வட்டத்துக்குள்தான், கடற்கரையின் வடகோடியில், இடிபாடாகக் கிடக்கிறது. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்தியோக்கியாவில்தான் சீடர்கள் முதன்முதலில் 'கிறிஸ்தவர்கள்' என்று அழைக்கப்பட்டார்கள் என்கிறது அதே நூல். 'அழைக்கப்பட்டார்கள்' என்கிற செயப்பாட்டு வினையைக் கவனியுங்கள். இந்தப் பிரதேசத்தில் பெயர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து விழுந்தவை.

செலூக்கியாவைக் கட்டிய செலூக்கஸ் நிகேட்டரையும் நமக்குத் தெரியும். பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் சந்திரகுப்த மௌரியனோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மெகஸ்தனிஸைத் தூது அனுப்பியவன். அந்த உடன்படிக்கையில் அவனுக்குக் கிடைத்த யானைகள் 500 என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். அந்த யானைப்படையோடுதான் கி.மு. 301இல் இப்ஸஸ் போரில் வென்றான், வென்ற கையோடு வடசிரியா அவன் கைக்கு வந்தது, கி.மு. 300இல் இந்தத் துறைமுகத்தை நிறுவித் தன் பெயரையே வைத்தான். தகப்பன் பெயரில் அந்தியோக்கியாவை நிறுவினான். அதாவது இந்தியக் காட்டில் பிடித்த யானைகள் மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு ஊரின் பெயராக மாறின. பாடப்புத்தகம் யானையைக் கொடுத்ததோடு கதையை நிறுத்திவிடும்.

துறைமுகத்துக்குப் பெரிய எதிரி மலைவெள்ளம். அது கொண்டுவரும் மண் துறையைத் தூர்த்துக்கொண்டே இருந்தது. ரோமர்கள் வெஸ்பாஸியன் காலத்தில், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டில், வெள்ளத்தைத் திருப்பிவிட மலையைக் குடைய ஆரம்பித்தார்கள். வாய்க்காலும் குகையுமாக ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர், முடிப்பதற்கு அடுத்த நூற்றாண்டு ஆகிவிட்டது. பாறையில் வெஸ்பாஸியன், டைட்டஸ் என்று பேரரசர் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உளி பிடித்தவர்கள் பெயர் இல்லை. இத்தனைக்கும் அப்புறம் துறை தூர்ந்துதான் போனது; கப்பல் நின்ற இடம் இன்று விளைநிலம்.

ஆறாம் நூற்றாண்டில் சிமியோன் என்ற துறவி பக்கத்து மலையொன்றில் தூண் மேல் ஏறி உட்கார்ந்து தவமிருந்தார். அவர் பெயரால் மலை, மலையின் பெயரால் துறை. சிலுவைப் போர்க்காரர்களுக்கு இது 'புனித சிமியோன் துறை'. 1097-98இல் அந்தியோக்கியாவை அவர்கள் முற்றுகையிட்டபோது உணவும் மரமும் வந்திறங்கிய வழி இதுதான். அரபியில் ஊர் சுவைதியா ஆனது. 1948இல் துருக்கி அரசு சுவைதியாவை எடுத்துவிட்டு 'சமன்தாக்' என்று வைத்தது. 'சமன்' என்பது சிமியோன். ஆனால் துருக்கிக் காதுக்கு அது 'வைக்கோல் மலை' என்று கேட்கும். அரபுப் பெயரை அழிக்கப்போய், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கிறிஸ்தவத் துறவியின் பெயரை வைக்கோலுக்குள் பொதிந்து வைத்துவிட்டார்கள்.

4

பொருளாதாரம் என்றால் இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டு. சரிவெல்லாம் மல்பெரி, வீடெல்லாம் பட்டுப்புழு. மூஸா மலையின் ஆர்மேனியக் கிராமங்களில் பட்டோடு சீப்பு செய்வதும் மரச்செதுக்கும் தொழில்கள். பிரிட்டிஷ் தூதராக அலெப்போவிலும் எகிப்திலும் இருந்த ஜான் பார்க்கர் ஓய்வுக்குப் பின் இங்கேதான் தோட்டம் போட்டு, 1849இல் இங்கேயே செத்தார்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த மணற்கரைமேல் கண் விழுந்ததற்குக் காரணம் பட்டு மட்டுமல்ல, இந்தியா. 1835இல் பிரான்சிஸ் செஸ்னி என்ற அதிகாரி இரண்டு இரும்பு நீராவிக் கப்பல்களைத் துண்டு துண்டாக இங்கே கொண்டுவந்து இறக்கினார். மாடு கட்டி, ஆள் வைத்து, யூப்ரடிஸ் ஆறு வரை இழுத்துப் போய் அங்கே பூட்டி மிதக்கவிட்டார். லண்டனிலிருந்து பம்பாய்க்குக் குறுக்குவழி கண்டுபிடிப்பதுதான் திட்டம். ஒரு கப்பல் 1836இல் புயலில் மூழ்கியது, இன்னொன்று பாரசீக வளைகுடாவை எட்டியது. பின்னால் அதே பாதையில் ரயில் போடவும் செஸ்னி அலைந்தார். 1869இல் சூயஸ் திறந்ததும் அந்தக் கனவுக்கான தேவை குறைந்தது. நம்மை ஆள்வதற்கான சாலையில் ஒரு மைல்கல்லாகச் சில காலம் இருந்துவிட்டு சுவைதியா மறுபடி மல்பெரிக்கும் புழுவுக்கும் திரும்பியது.

நிலம் யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தியோக்கியா சமவெளியின் பெரிய நிலங்கள் துருக்கி பேசும் சுன்னி 'ஆகா'க்களிடம். வாரத்துக்கு உழுதவர்களில் பெரும்பகுதி அலவிகள். அலவி என்றால் சுன்னி மதகுருமார் கண்ணில் முஸ்லிமா இல்லையா என்பதே சந்தேகமான ஆள். ஆகவே இங்கே மொழி, மதம், வர்க்கம் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. எதைப் பிரித்து எதை எண்ணுவது என்பதில்தான் அரசியல் இருந்தது.

பட்டு விழுந்தபின் ஆரஞ்சும் காய்கறியும் வந்தன. 1970களுக்கு அப்புறம் ஆண்கள் கூட்டம் கூட்டமாகச் சவூதிக்கும் மற்ற வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடு எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவர்களுக்கு அங்கே வேலை கிடைக்க உதவியது வீட்டில் பேசிய அரபி. துருக்கியின் 1982 அரசியல் சட்டத்தின் 42ஆவது பிரிவு, துருக்கி தவிர வேறெந்த மொழியையும் கல்வி நிலையங்களில் தாய்மொழியாகக் கற்பிக்கக் கூடாது என்கிறது. பள்ளிக்கூட வாசலில் கழற்றிப் போடச் சொன்ன மொழிதான் ரியாத்தில் சோறு போட்டது.

5

இப்போது அந்த எண்ணிக்கைக்கு வருவோம். முதல் உலகப்போரில் உதுமானியப் பேரரசு விழுந்ததும் இந்தப் பகுதி 'அலெக்ஸாண்ட்ரெட்டா சஞ்சக்' என்ற பெயரில் பிரெஞ்சு ஆணையாட்சிச் சிரியாவோடு சேர்ந்தது. 1921இல் பிரான்சும் அங்காராவும் செய்துகொண்ட உடன்படிக்கை இதற்குத் தனி நிர்வாகம் தந்தது, துருக்கி மொழிக்கு அதிகாரபூர்வ இடம் தந்தது. 1936இல் சிரியாவுக்கு விடுதலை தருவதாக பிரான்ஸ் ஒப்பந்தம் போட்டதும், அப்படியானால் சஞ்சக் யாருக்கு என்று துருக்கி கேட்டது. விவகாரம் சர்வதேச சங்கத்துக்குப் போனது.

1936இல் பிரெஞ்சு நிர்வாகம் போட்ட கணக்கு இது: மொத்தம் ஏறத்தாழ 2,19,000 பேர். துருக்கியர் 39 சதவீதம், அலவிகள் 28, ஆர்மேனியர் 11, சுன்னி அராபியர் 10, கிரேக்க வைதிகக் கிறிஸ்தவர் 8, மிச்சம் குர்துகளும் பிறரும். இந்தப் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். 'துருக்கியர்' என்பது மொழியை வைத்துப் போட்ட கட்டம். 'அலவி' மதத்தை வைத்து. 'வைதிகக் கிறிஸ்தவர்' திருச்சபையை வைத்து. அலவி, சுன்னி அராபியர், வைதிகக் கிறிஸ்தவர் மூவருமே பெரும்பாலும் பேசியது அரபி. மொழிதான் அளவுகோல் என்றால் மூன்றையும் கூட்டி 46 என்று எழுதியிருக்க வேண்டும். துருக்கியர் சிறுபான்மை ஆகியிருப்பார்கள். மதம்தான் அளவுகோல் என்றால் துருக்கியரையும் சுன்னி அராபியரையும் ஒரே கட்டத்தில் போட்டு 49 என்றிருக்க வேண்டும். ஒரே பட்டியலில் இரண்டு அளவுகோல். யாரை உடைப்பது, யாரைச் சேர்த்தே வைப்பது என்பதை எண்ணுவதற்கு முன்னாலேயே கட்டங்கள் முடிவுசெய்துவிட்டன.

1938 தேர்தலுக்கான வாக்காளர் பதிவு இதைவிட நுட்பமானது. ஒவ்வொரு வாக்காளனும் அதிகாரிமுன் வந்து, தான் எந்தச் சமூகம் என்று தானே சொல்ல வேண்டும்: துருக்கியர், அலவி, அராபியர், ஆர்மேனியர், கிரேக்க வைதிகர், குர்து, பிறர். ஏதாவது ஒன்று. அலவியாகவும் அராபியனாகவும் இருக்க முடியாது. 'சிரியன்', 'சஞ்சக்காரன்', 'வாரத்துக்கு உழுகிறவன்' என்றெல்லாம் கட்டமில்லை. சொன்னது சரியா என்று சோதிக்கவும் மாட்டார்கள். சுதந்திரமான அறிவிப்பு. ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இது புரியும்: அதிகாரம் இங்கே வாயை அடைக்கவில்லை, பேசச் சொல்கிறது. 'நீ யார், சொல்' என்கிறது. சொன்ன பிறகு அதற்குள் உன்னை உட்காரவைக்கிறது.

சொல்லும் இடத்தைச் சுற்றி என்ன நடந்தது? தலையில் என்ன இருக்கிறது என்பதே அரசியலாகியிருந்தது: ஐரோப்பியத் தொப்பி என்றால் துருக்கிப் பக்கம், ஃபெஸ் என்றால் எதிர்ப்பக்கம். சாரா ஷீல்ட்ஸ் 2011இல் வெளியிட்ட நூலுக்கு 'ஆற்றில் ஃபெஸ்கள்' என்று பெயர் வைத்தது அதனால்தான். வாரக்காரனுக்கு ஆகாவின் மிரட்டல். ஊருக்கு ஊர் கைகலப்பு. ஜூன் 1938இல் ராணுவச் சட்டம். பதிவு முடியும் முன்பே சர்வதேச சங்கத்தின் குழு கிளம்பிப் போய்விட்டது. ஜூலை 5ஆம் தேதி துருக்கிப் படை உள்ளே வந்தது. சஞ்சக்கில் பிறந்து துருக்கியில் குடியேறியிருந்தவர்களும் வந்து பதிந்தார்கள். முடிவில் பதிவானவர்களில் துருக்கியர் ஏறத்தாழ 63 சதவீதம். மக்கள்தொகைக் கணக்கும் வாக்காளர் பதிவும் ஒன்றல்லதான். ஆனாலும் இரண்டே ஆண்டில் 39 எங்கே, 63 எங்கே. 40 பேர் கொண்ட சட்டமன்றத்தில் துருக்கியர் 22, அலவிகள் 9, ஆர்மேனியர் 5, அராபியர் 2, வைதிகர் 2. 1938 செப்டம்பரில் 'ஹத்தாய்' என்ற அரசு பிறந்தது. 1939 ஜூலையில் துருக்கியோடு இணைந்தது. பெரும்பான்மை என்பது போய்க் கண்டுபிடிக்கிற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பான்மை தயாரிக்கப்படுகிறது. மேசை, பேனா, பதிவேடு, வாசலில் துப்பாக்கி, இவ்வளவும் இருந்தால் போதும்.

'ஹத்தாய்' என்ற பெயரே 1936இல் அத்தாதுர்க் வைத்தது. ஹிட்டைட்டுகளே ஆதித் துருக்கியர் என்பது அப்போதைய அரசு வரலாறு. அலவிகளைப் பார்த்து, நீங்கள் அராபியரே இல்லை, மொழியை மறந்துபோன 'ஹிட்டைட் துருக்கியர்' என்று சொன்னார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய பேரரசு, நேற்றைய வாரக்காரனுக்குத் தாத்தாவாக நியமிக்கப்பட்டது.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவனாக இருக்க முடியாது. சஞ்சக்கில் துருக்கி இணைப்பை எதிர்த்த அராபிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஸக்கி அல்-அர்ஸுஸி. அலவி, சோர்போனில் தத்துவம் படித்தவர். தோற்று டமாஸ்கஸுக்குப் போனார். பின்னால் பாத் கட்சிச் சிந்தனையின் மூலவர்களில் ஒருவராகக் கருதப்பட்டார். 1943இல் அவர் எழுதிய நூலின் பொருள், அரபு இனத்தின் மேதைமை அதன் மொழிக்குள்ளேயே இருக்கிறது என்பது. அரபிச் சொற்கள் இயற்கையின் ஒலியிலிருந்து நேரடியாகப் பிறந்தவை, ஆகவே அந்த இனம் தூய்மையானது என்கிற வாதம். பாவாணரைப் படித்தவர்களுக்கு இந்தக் குரல் எங்கோ கேட்ட மாதிரி இருக்கும். தமிழ் படித்த எனக்கு அந்தக் குரலின் கவர்ச்சியும் தெரியும். தோற்றவனின் கண்ணீர் அதில் இருக்கிறது. நான் அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது: அந்தத் தூய அரபியில் மூஸா மலை ஆர்மேனியனுக்கு எந்த இடம்? சமவெளியின் குர்துவுக்கு? 46ஐக் கூட்டி 'அராபியப் பெரும்பான்மை' என்று நானே மேலே போட்டுக் காட்டினேனே, அதுவும் ஒரு தயாரிப்புத்தான். அதே மேசை, அதே பேனா. அன்று துப்பாக்கி அந்தப் பக்கம் இல்லை, அவ்வளவே. பிற்பாடு சிரியாவில் அதே பாத் கட்சியின் கையில் துப்பாக்கி வந்தபோது குர்துகளுக்கு என்ன நேர்ந்தது என்பது நமக்குத் தெரியும்: 1962 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குர்துகளின் குடியுரிமை பறிக்கப்பட்டிருந்தது, 1963இல் ஆட்சிக்கு வந்த பாத் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

6

1939 இணைப்பையொட்டி ஏறத்தாழ 50,000 பேர் கிளம்பிப் போனார்கள். பாதிக்கு அருகில் ஆர்மேனியர்கள். அவர்களுக்கு இது முதல் வெளியேற்றமல்ல. 1915இல் நாடுகடத்தல் உத்தரவு வந்தபோது மூஸா மலைக் கிராமத்தார் கீழ்ப்படியாமல் மலையேறி எதிர்த்து நின்றார்கள். செப்டம்பரில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் 4,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு எகிப்தின் போர்ட் சயீதுக்குப் போயின. ஃப்ரான்ஸ் வெர்ஃபெல் 1933இல் எழுதிய நாவல் இதை உலகறியச் செய்தது. 1919இல் திரும்பி வந்தார்கள். இருபது வருஷம் மரம் நட்டார்கள். மறுபடி மூட்டை கட்டினார்கள். காப்பாற்றிய அதே பிரான்ஸ்தான் இந்தத் தடவை ஊரையே கையளித்தது. லெபனானின் அஞ்சாரில் போய் இறங்கியவர்களில் பலர் முதல் ஆண்டுகளிலேயே காய்ச்சலில் செத்தார்கள். அஞ்சாரில் இன்றும் ஆறு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் விட்டுவந்த ஒரு கிராமத்தின் பெயர்.

போகாமல் தங்கியது ஒரே ஊர்: வக்கிஃப்லி. சுமார் 130 பேர். துருக்கியில் மிஞ்சிய ஒரே ஆர்மேனியக் கிராமம் என்று பயணக் கையேடுகள் சொல்லும். ஆரஞ்சு, ஜாம், பழமது விற்கிறார்கள். ஆர்மேனியப் பள்ளிக்கூடம் கிடையாது. ஆகஸ்டில் மாதா திருநாளுக்குத் திராட்சையை மந்திரிக்கிறார்கள். முந்தின இரவு ஏழு அண்டாவில் கோதுமையும் இறைச்சியும் போட்டு 'ஹரிஸா' கிண்டுகிறார்கள், மூஸா மலையின் ஏழு ஊர்களுக்காக. அஞ்சாரில் ஆறு, இங்கே ஏழு. ஆறா ஏழா என்பது எண்ணுகிறவரைப் பொறுத்தது. ஆனால் இந்த எண்ணிக்கையில் யாரும் வெளியேற்றப்படவில்லை. ஒரு அண்டா கூடுதலாக அடுப்பில் ஏறுகிறது. இன்னொரு வேடிக்கை: 2012இல் வந்த 6360ஆம் எண் சட்டம் ஹத்தாயைப் பெருநகராட்சி ஆக்கியது; மாகாணத்தின் கிராமங்கள் எல்லாம் சட்டப்படி நகரின் 'பேட்டை'களாயின. ஆக துருக்கியின் ஒரே ஆர்மேனியக் கிராமம், சட்டத்தின் கண்ணில் கிராமமே இல்லை.

சமன்தாக் கடற்கரையில் வெள்ளைக் குவிமாடத்தோடு ஹிஸிர் ஸியாரத் இருக்கிறது. குர்ஆனின் குகை அத்தியாயத்தில் மூஸா நபி ஓர் அறிவாளியைச் சந்திப்பாரே, நம்மூர் முஸ்லிம்கள் கிழுறு நபி என்பார்களே, அவர்தான் ஹிஸிர். அந்தச் சந்திப்பு நடந்தது இந்தக் கரையில்தான் என்பது ஊர் நம்பிக்கை. வருகிறவர்கள் மூன்று சுற்றுச் சுற்றுகிறார்கள், காரில் வந்தால் காரோடு. அலவிகளும் வருவார்கள், கிறிஸ்தவர்களும் வருவார்கள். ஜூலை 14இல், பழைய நாட்காட்டிப்படி ஜூலை முதல் நாள், 'எவ்வெல் தெம்முஸ்' திருவிழா.

இதையெல்லாம் காட்டி, ஹத்தாய் சகிப்பின் நகரம், நாகரிகங்களின் மொசைக் என்று அரசும் சுற்றுலாத் துறையும் விளம்பரம் செய்துவந்தன. நம்மிலும் பலருக்கு இந்தச் சொல்மேல் ஆசையுண்டு. எனக்கும் இருந்தது. மொசைக் எப்படிச் செய்கிறார்கள் என்று யோசியுங்கள். கல்லை உடைக்கிறார்கள். ஓரம் சீவுகிறார்கள். பெரிய படத்தில் அதனதன் இடத்தில் அசையாமல் பதிக்கிறார்கள். 24,000க்கும் அதிகமான ஆர்மேனியர் இருந்த நிலத்தில் 130 பேரை வைத்துக்கொண்டு சகிப்பு என்று பேசுவதற்கு, மற்றவர்கள் முதலில் போயாக வேண்டியிருந்தது. காலிசெய்யப்பட்ட இடத்தின் அழகுக்குப் பெயர்தான் மொசைக். ஹிஸிர் ஸியாரத்தைச் சுற்றுகிறவர்கள் மொசைக் செய்யவில்லை. அவர்கள் சுற்றுகிறார்கள். அதாவது அசைகிறார்கள், ஒருவர் இடத்தில் மற்றவர் வந்துபோகிறார்கள். பதிவேட்டுக்கு இது பிடிபடாது.

7

2023 பிப்ரவரி 6, அதிகாலை. 7.8 அளவுப் பூகம்பம். அதே நாள் மதியம் 7.5. துருக்கியில் மட்டும் 53,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். மாகாணங்களில் அதிக சாவு ஹத்தாயில். பிப்ரவரி 20இல் சமன்தாக்குக்குப் பக்கத்திலேயே 6.4 அளவில் இன்னொன்று, மிச்சம் நின்றதையும் தள்ளியது. வக்கிஃப்லியில் வீடுகளும் தேவாலயமும் சேதமாயின. முதல் நாட்களில் அரசு வரவில்லை என்பது ஹத்தாய் முழுவதும் எழுந்த குற்றச்சாட்டு. தோண்டியவர்கள் அக்கம்பக்கத்தார், கையால்.

அரசு வந்தபோது எண்ணிக்கையோடு வந்தது. எத்தனை கட்டிடம் இடிந்தது, எது 'சிறு சேதம்', எது 'பெரும் சேதம்', யாரிடம் பட்டா, யார் எங்கே பதிவு. 2023 நவம்பரில் 6306ஆம் எண் சட்டத்தைத் திருத்தி, ஏற்கெனவே வீடுகள் இருக்கும் இடத்தையும் 'ஒதுக்கீட்டுப் பகுதி' என்று அறிவித்துக் கையகப்படுத்த வழி செய்தார்கள். இடிபாடுகளைச் சமன்தாக்கில் கடற்கரைக்கும் மில்லெய்ஹா ஈரநிலத்துக்கும் பக்கத்திலேயே கொண்டுவந்து கொட்டினார்கள். பறவைகள் தங்கும், ஆமைகள் ஏறும் கரை. கொட்டிய குப்பையில் ஆஸ்பெஸ்டாஸ். மக்கள் லாரிகளுக்குமுன் நின்றார்கள். ரோமன் மலையைக் குடைந்தது மண் கடலில் சேராமல் இருக்க. இவர்கள் ஊரையே அரைத்துக் கடலோரம் சேர்த்தார்கள். 2024 மார்ச் உள்ளாட்சித் தேர்தலில் துருக்கித் தொழிலாளர் கட்சி சமன்தாக் நகராட்சியை வென்றதைப் புரிந்துகொள்ள இந்த லாரிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊர் காலியானது. கூடாரம், கன்டெய்னர், வேறு நகரத்துச் சொந்தக்காரர் வீடு. போனவர்கள் திரும்புவார்களா என்ற பயம் ஹத்தாயின் அலவிகளிடமும் கிறிஸ்தவர்களிடமும் இருந்தது. 1939 அவர்களுக்குப் பாட்டி சொன்ன கதை. பூகம்பத்துக்குச் சாதி மதம் கிடையாது என்று சொல்வது சுலபம். பூகம்பத்துக்குப் பின்னால் வருகிற பதிவேட்டுக்கு உண்டு.

அந்த நாட்களில் சுவர்களிலும் ஊர்வலங்களிலும் ஒரு முழக்கம் வந்தது. 'மா ருஹ்னா, நிஹ்னா ஹோன்.' போகவில்லை, இங்கேதான் இருக்கிறோம். எந்த மொழியில் என்பதுதான் விஷயம். குர்ஆனின் அரபி இல்லை. அர்ஸுஸி கொண்டாடிய மேதைமை அரபியும் இல்லை. வீட்டில், வயலில், சமையல்கட்டில் பேசுகிற கொச்சை அரபி. பள்ளிக்கூடம் சொல்லித்தராத, பேரப்பிள்ளைகள் மறந்துகொண்டிருக்கிற மொழி. அரபி எழுத்து தெரியாத தலைமுறை அதைத் துருக்கி நெடுங்கணக்கில் எழுதிப் பிடித்தது.

1938இல் மேசைக்கு அந்தப்புறம் இருந்து கேட்ட கேள்வி, 'நீ யார்?' அதற்கு ஏழு கட்டங்கள் தயாராக இருந்தன. இந்த முழக்கம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. துருக்கியரா, அராபியரா, அலவியா என்று சொல்லவில்லை. 'நாங்கள்' என்கிறது, அந்த நாங்களுக்குள் யார் யார் என்று பிரிக்கவில்லை. 'இங்கே' என்கிறது.

தேசிய இனம், தன்னுரிமை என்றெல்லாம் நாம் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கிறோம். இனியும் விவாதிப்போம், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவன் தன்னை எண்ணச் சொல்லிக் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எண்ணப்படாதவனுக்கு இடஒதுக்கீடும் கிடையாது, நிவாரணமும் கிடையாது. நான் கேட்பது இவ்வளவுதான்: எண்ணச் சொல்லும்போது கட்டங்களைப் போடுவது யார் என்றும் சேர்த்துக் கேட்போம். நாம் போடும் கட்டங்களுக்கு வெளியே நிற்கிறவர் யார் என்றும் கேட்போம். சமன்தாக்கில் எட்டாவதாக ஒரு கட்டம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று யாரும் 1938இல் கேட்கவில்லை. கேட்காமலேயே 85 வருஷம் கழித்து அவர்கள் சொல்லிவிட்டார்கள்.